முதியவரின் சனிக்கிழமையைப் பறிக்காதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த பிழை ஒன்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். முதியோரைப் பேணும் குடும்பங்களுக்கு அது பயன்படக்கூடும்.

அவர் ராஜபாளையத்துக்காரர்; பஞ்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்; வயது 74. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தன. ஒருநாள் அதிகாலை படுக்கையிலிருந்து எழுந்தவர் தலைசுற்றிக் கீழே விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. நெற்றியில் சிறு காயம் மட்டுமே. இரண்டு நாள் சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பும்போது, அவருடைய மகனிடம், "அப்பாவைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள்" என்றேன். எத்தனை நாளைக்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தந்தையிடம் பேரன்பு கொண்ட மகன் அவர். நான் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார்.

நான்கு மாதங்கள் கழித்து இருவரும் மீண்டும் வந்தார்கள். முதியவரின் எடை 6 கிலோ குறைந்திருந்தது. பசியில்லை, உறக்கமில்லை, பேச்சும் குறைந்துவிட்டது, மறதி தொடங்கியிருக்கிறது என்று மகன் கவலையோடு கூறினார். பரிசோதனை முடிவுகளில் குறை எதுவும் தென்படவில்லை. மகனைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, "ஐயா, நாள் முழுவதும் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எல்லா நாளும் ஒரே நாளாக இருக்கிறது, டாக்டர். முன்பெல்லாம் சனிக்கிழமை என்று ஒன்று இருந்தது" என்றார்.

வாரந்தோறும் சனிக்கிழமை காலை அவர் பேருந்தேறி, சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்வாராம். அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியரான நண்பர் காத்திருப்பார். இருவரும் ஆண்டாள் கோயிலில் வழிபட்டு, நிழலில் அமர்ந்து பேசி, காபி அருந்திப் பிரிவார்கள். முப்பது ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கம். தொலைபேசியில் பேசலாமே என்றேன். நண்பருக்குக் காது மந்தம். நேரில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார், தொலைபேசியில் இயலாது என்றார். ஆறு ஆண்டுகளாக அவர் என் நோயாளி. அந்த நண்பரைப் பற்றி அன்றுதான் அறிந்தேன்.

பிறகு அவரைப் படுக்கவைத்தும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தத்தை அளந்தேன். நின்றவுடன் மேல் அளவு 20 புள்ளிகளுக்கும் மேல் இறங்கியது. அவரை வீழ்த்தியது முதுமையன்று. எழும்போது அழுத்தம் தாழ்ந்ததே காரணம். மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றியதும் அது சீரானது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய பரிசோதனை அது. அதைச் செய்யாமல், பயணத்துக்குத் தடை விதித்துவிட்டேன்.

நட்பும் உடல்நலமும்

உறவும் நட்பும் மனத்துக்கு இதமானவை என்பதை யாரும் மறுப்பதில்லை. அவை உடலையும் காக்கின்றன என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்றில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் இடம்பெற்றன. வலுவான சமூக உறவுகள் உடையோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு, அவை இல்லாதோரைவிட 50 விழுக்காடு கூடுதல் என்று அது கண்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வருந்துகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிவித்தது. மறதிநோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் பட்டியலிட்டது. சமூகத் தனிமை, செவித்திறன் குறைவு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைவு ஆகியவை அவற்றுள் அடங்கும். நோயுற்றோர் தாமாகவே ஒதுங்கிக்கொள்வதும் உண்டு; ஆகவே எது காரணம், எது விளைவு என்று எப்போதும் பிரித்துச் சொல்ல இயலாது. எனினும், நண்பரைக் காண்பது மருத்துவத்துக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று இனி எந்த மருத்துவரும் கருத முடியாது.

இதை நம் முன்னோரும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாதது எப்படி என்று வினவியவர்களுக்கு, பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றில் உள்ளது. மருந்து எதையும் அவர் குறிப்பிடவில்லை. குணம் நிறைந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், மனமறிந்து நடக்கும் ஏவலர், நல்லாட்சி புரியும் வேந்தன், தம் ஊரில் வாழும் சான்றோர் என்று தம்மைச் சூழ்ந்த மனிதர்களையே காரணமாகக் காட்டினார்.

தடுக்காமல், ஆயத்தப்படுத்துங்கள்

அந்த முதியவருக்கு மீண்டும் பயணம் அனுமதித்தபோது, சில ஏற்பாடுகளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். அவை உங்களுக்கும் உதவும்.

விழுந்தவரின் பயணத்தை நிறுத்தும் முன், விழுந்த காரணத்தை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். முதல் சில பயணங்களில் வீட்டார் ஒருவர் உடன் செல்லலாம். கூட்டம் குறைந்த முற்பகல் பேருந்தே ஏற்றது. பேருந்து முழுமையாக நின்ற பிறகே இருக்கையிலிருந்து எழ வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே மூதாட்டிகளுக்குச் செலவும் தடையன்று.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தரிசனம் முடியட்டும் என்று வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கக் கூடாது. உடல் நடுங்கி வியர்த்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து உடனே அருந்த வேண்டும். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது பலரின் வழக்கம்; தலைசுற்றலுக்கு அதுவே காரணமாகிவிடும். சிறுநீர் பெருக்கும் மாத்திரையைப் பயண நாளில் எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கோயிலுக்குச் செல்லும் நீரிழிவு நோயாளிகள் பாதங்களை மறந்துவிடக் கூடாது. கால் மரத்துப்போனவர்களுக்கு நண்பகல் வெயிலில் கொதிக்கும் கற்றளத்தின் சூடு உறைப்பதில்லை. மாலையில் கொப்புளத்தைக் கண்டபிறகே தெரியவரும். காலை வேளையில் செல்வதும், வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் பார்ப்பதும் நலம். ஆடிப்பூரத் தேர்த் திருநாளின் நெரிசலைத் தவிர்த்து வேறொரு நாளில் சென்று வணங்கலாம். பால்கோவாவை முற்றிலும் மறுக்க வேண்டியதில்லை. என்றாவது ஒரு நாள், நண்பரோடு பகிர்ந்து ஒரு சிறு கரண்டி போதும்.

சென்னையிலுள்ள பிள்ளைகளைக் காண இரவு ரயிலில் செல்வோர் மாத்திரைகளைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் கால்களை அசைக்காமல் அமர்ந்திருந்தால் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. இடையிடையே கணுக்கால்களை அசைப்பதும், எழுந்து சில அடிகள் நடப்பதும் அவசியம். மருந்துச் சீட்டின் நகலும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இழப்பை மறைக்காதீர்கள்

மூன்றே மாதத்தில் அந்த முதியவரின் எடை 4 கிலோ கூடியது. மறதி என்று மகன் அஞ்சியது பெரும்பாலும் மனச்சோர்வாகவே இருந்தது.

மறு ஆண்டு ஐப்பசியில் அந்த ஆசிரியர் காலமானார். மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அப்பாவிடம் சொல்லலாமா, டாக்டர்? தாங்குவாரா?" என்று கேட்டார். நம் வீடுகள் பலவற்றில் இத்தகைய செய்தியை முதியோரிடம் மறைத்துவிடுகிறார்கள். பின்னர் யார் மூலமாகவோ தெரியவரும்போது, இறுதி மரியாதை செலுத்தாத துயரமும் சேர்ந்துகொள்கிறது. உணவருந்திய பிறகு அமரவைத்து, அருகிலிருந்து சொல்லுங்கள். விரும்பினால் அழைத்துச் செல்லுங்கள் என்றேன். அவர் சென்றார், நண்பரின் காலருகே நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

துயரம் நோயன்று. ஆயினும், வாரங்கள் பல கடந்தும் உணவும் உறக்கமும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். இருந்து என்ன பயன் என்று ஒருமுறை சொன்னாலும் தாமதிக்கலாகாது. துணையின்றி வாழும் முதியோர் 14567 என்ற தேசிய முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

அவர் இன்றும் சனிக்கிழமைகளில் பேருந்தேறுகிறார். மனைவியை இழந்த அண்டை வீட்டுக்காரர் ஒருவரை இப்போது உடன் அழைத்துச் செல்கிறார்.

நான் தடுத்த அந்த நான்கு மாதங்களில் பதினேழு சனிக்கிழமைகள் இருந்தன. அவற்றை அவருக்கோ அந்த ஆசிரியருக்கோ என்னால் திருப்பித் தர இயலாது. அதன்பின், என்னிடம் வரும் ஒவ்வொரு முதியவரிடமும் சர்க்கரை அளவைக் கேட்பதோடு, "இந்த வாரம் யாரைப் பார்த்தீர்கள்?" என்றும் கேட்கிறேன். குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: "வெளியே அனுப்பாதீர்கள்" என்று எந்த மருத்துவர் சொன்னாலும், "எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள்.