கூரையில் ஏறும் முன் லைசென்ஸைக் கேளுங்கள்

ஆலங்கட்டி மழை அடித்து ஓய்ந்ததும் டெக்சஸில், குறிப்பாக டாலஸ் பக்கம், வீடு வீடாக ஆட்கள் வருவார்கள். வண்டியில் ஏணி, வெளிமாநில நம்பர் பிளேட். "இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நாங்களே பேசி முடித்துத் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பார்கள். அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. 1945-ல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதிசெய்தது. ஆகவே சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டருக்கு நாடு முழுக்கச் செல்லும் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. ஒரு மாநிலத்தில் தேர்வெழுதி வாங்கியவருக்கு வேறு பல மாநிலங்கள் மறுதேர்வு வைப்பதில்லை, ஆனால் லைசென்ஸ் தேவைப்படும் மாநிலத்தில் விண்ணப்பித்து வாங்கியே ஆகவேண்டும்.

கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் கம்பெனியின் ஆள். அவருக்கு நீங்கள் ஒரு சென்ட்கூடத் தர வேண்டாம். உங்கள் தரப்பில் பேசுபவர் பப்ளிக் அட்ஜஸ்டர். அதற்குத் தனி லைசென்ஸ் உண்டு. டெக்சஸில் அவர் கிடைக்கும் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

பலரும் ஏமாறுவது கூரை கான்ட்ராக்டரிடம்தான். என்னென்ன பழுது, எப்படிச் சரிசெய்வது என்று அவர் கம்பெனிக்கு விளக்கலாம். க்ளெய்ம் தொகையைப் பேரம் பேசக் கூடாது. பப்ளிக் அட்ஜஸ்டர் லைசென்ஸ் வைத்திருந்தாலும் ஒரே வீட்டுக்கு இரண்டு வேலையும் பார்க்க டெக்சஸ் சட்டம் விடுவதில்லை. நியாயமான தடை என்றே சொல்வேன்: கூரைச் செலவு ஏற ஏற லாபம் பார்ப்பவர் உங்கள் நலனுக்காக எப்படிப் பேசுவார்? இந்தத் தடை பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ஸ்டோன்வாட்டர் ரூஃபிங் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

லைசென்ஸ் இல்லாதவரிடம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் உரிமை டெக்சஸ் சட்டப்படி உங்களுக்கு உண்டு. அப்படிச் செய்தால், அதுவரை பார்த்த வேலைக்கும் அவர் பணம் கேட்க முடியாது. கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவரின் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் வாங்கி, மாநில இன்சூரன்ஸ் துறையின் இணையதளத்தில் தேடுங்கள். எந்த வகை லைசென்ஸ், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் தரத் தயங்கினால் அனுப்பிவிடுங்கள். புகாரையும் அதே துறையில் இலவசமாகத் தரலாம். டெக்சஸில் உதவி எண் 800-252-3439.