தீர்வையின் சுமை

இறக்குமதித் தீர்வையை ஏற்றுமதி செய்யும் நாடே செலுத்துகின்றது என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். அஃது உண்மையன்று. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் பொருளுக்கு இங்குள்ள இறக்குமதியாளரே தீர்வை செலுத்துகின்றனர்; பின்னர் அதனை விலையிற் சேர்த்துவிடுகின்றனர். விலையேறின் வாங்குவோர் குறைவர். அதனை அஞ்சும் பிறநாட்டு வணிகர் தம் இலாபத்தைக் குறைத்துச் சுமையிற் பங்கேற்பதும் உண்டு.

2025 ஏப்ரலில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இலங்கைப் பொருள்கள்மீது 44 சதவீதத் தீர்வையை அறிவித்தன. இலங்கை ஆடைகளுக்கு அந்நாடு பெருஞ்சந்தையாதலின், ஆடைத் தொழிலாளரிடையே வேலையிழப்பு அச்சம் பரவியது; அமெரிக்க நுகர்வோரோ விலையேற்றத்தை அஞ்சினர். பேச்சுவார்த்தைகளின் பின், அவ்வாண்டு ஆகஸ்டில் அது 20 சதவீதமாயிற்று.

எனினும், இத்தகைய தடைகளால் நன்மையே இல்லை எனல் பொருந்தாது. 1970க்குப் பின் இலங்கை அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாண உழவர் வளம் பெற்றனர். அவ்வளத்திற்குரிய விலையைக் கொழும்பு நுகர்வோர் கொடுத்தனர். 1977இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நுகர்வோர்க்கு நன்மை விளைந்தது, உழவரோ நலிந்தனர்.

ஆகவே தீர்வை நன்றா தீதா என வினவுவதினும், யார் கொடுக்கின்றனர், யார் பெறுகின்றனர், எத்துணைக் காலத்திற்கு என ஆராய்வதே அறிவுடைமையாகும்.