பாட்டியின் மூட்டைக்குள் என்ன இருந்தது, தெரியுமா?

67 வயதுப் பாட்டி ஒருவர் தோளில் ஒரு மூட்டையைப் போட்டுக்கொண்டு, தன்னந்தனியாக, மலை மலையாக ஏறி இறங்கி 3,300 கிலோமீட்டர் நடந்திருக்கிறார், தெரியுமா? சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டு தடவை போய்த் திரும்பினாலும் அந்தத் தூரம் வராது!

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து எம்மா கேட்வுட்தான் அவர். 11 பிள்ளைகளைப் பெற்றவர். கணவரின் அடி தாங்க முடியாதபோதெல்லாம் காட்டுக்குள் போய்விடுவாராம். காட்டோடு சிநேகம் அப்படி வந்ததுதான். 1955 மே 3 அன்று ஜார்ஜியாவின் ஓகிள்தார்ப் மலையில் கிளம்பியவர், செப்டம்பர் 25 அன்று மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தில் நின்றார். 146 நாள்! அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார் தெரியுமா? சும்மா நடக்கப் போகிறேன் என்று!

இது முதல் முயற்சிகூட இல்லை. முந்தைய வருடமே மெய்ன் பக்கத்திலிருந்து தொடங்கிப் பார்த்தார். வழி தவறியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது, வனக்காவலர்கள் கண்டுபிடித்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அதோடு கும்பிடு போட்டிருப்பார்கள்.

இப்போது மூட்டைக்கு வருவோம். கடையில் வாங்கிய முதுகுப்பை இல்லை. டெனிம் துணியில் அவரே தைத்த சுருக்குப்பை. அதை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். எடை 9 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். கூடாரம் கிடையாது, தூக்கப்பை கிடையாது. ஒரு போர்வை, ஒரு மழைக்கோட்டு, மழை வந்தால் தலைக்கு மேலே விரிக்க... குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை! காலில் கனமான மலையேற்றக் காலணி இல்லை, சாதாரண கேன்வாஸ் ஷூ. உலர்திராட்சை, வேர்க்கடலை, டப்பாவில் அடைத்த சாசேஜ், போகிற வழியில் பறித்த காட்டுப்பழம், இவைதான் சாப்பாடு. குளிர் அதிகமானால் தட்டைக் கற்களை நெருப்பில் சூடாக்கி, அவற்றின் மேலேயே படுத்துத் தூங்கினார். மெத்தைக்கு மெத்தை, ஹீட்டருக்கு ஹீட்டர்!

அந்த ஆகஸ்டில் கோனி, டயேன் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் வேறு. வெர்மான்ட் மாநிலத்தில் ஓர் ஓடை வெள்ளமாகப் பெருக்கெடுக்க, வழியில் வந்த இரண்டு இளைஞர்கள் பாட்டியை நடுவில் நிறுத்தி, மூவரையும் கயிற்றால் பிணைத்துக் கரை சேர்த்தார்கள்.

இந்தப் பாதையை முதன்முதலில் ஒரே மூச்சில் நடந்ததாகப் பதிவானவர் யார் தெரியுமா? ஏர்ல் ஷேஃபர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய். மனத்திலிருந்து போரை இறக்கிவைக்கத்தான் 1948-இல் நடந்தார், 124 நாள். பாதைச் சங்கத்தாரே முதலில் நம்பவில்லை. படங்களையும் நாட்குறிப்பையும் காட்டித்தான் நம்பவைத்தார். அவரே 1998-இல், 79 வயதில், மறுபடியும் முழுப்பாதையையும் நடந்தார்!

பாட்டி மட்டும் சளைத்தவரா? 1957-இல் இரண்டாம் முறை. 1959-இல் 71 வயதில், மாட்டுவண்டிகளில் குடியேறிகள் போன பழைய ஓரிகன் தடத்தில் இன்னொரு 3,200 கிலோமீட்டர். 1964-இல் அப்பலாச்சியனைத் துண்டு துண்டாக மூன்றாம் முறையும் முடித்தார்.

இன்று அந்தப் பாதைக்குப் போகிறவர்களில் சிலர் சுமையைக் குறைக்கப் பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட வெட்டி எறிகிறார்கள். பாட்டியோ, கூடாரத்தையே வேண்டாமென்று விட்டுவந்த அந்தப் பையில், ஒரு கட்டம்போட்ட கவுனையும் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பையும் மடித்து வைத்திருந்தார். வழியில் யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் உதறிப் போட்டுக்கொள்ள!