மணப்பெண் ஏந்தும் பூச்செண்டு

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளுக்கு மாலை தொடுக்கும் கலை புதிதன்று. வாழைநாரிலே மல்லிகை தொடுக்கத் தெரிந்தவர் ஒருவரேனும் இல்லாத வீடு அரிது. மணப்பெண் கையில் ஏந்தும் பூச்செண்டோ மேனாட்டு மணமுறையோடு இங்கு வந்தது. தேவாலயத் திருமணங்களிலே இடம்பெற்ற செண்டினை இன்று சைவ மணப்பெண்ணும் வரவேற்பு வைபவத்தில் ஏந்தக் காண்கிறோம். அதனை முதன்முறையாக வீட்டிலே கட்ட முற்படுவோர் ஒன்றை உணர்தல் வேண்டும். மாலைக்கு மலரின் தலை போதும். செண்டுக்குக் காம்பு இன்றியமையாதது. காம்பின் வழியே நீர் ஏறும் வரையிலேதான் செண்டு வாடாதிருக்கும்.

நீண்ட காம்புடைய ரோசாவும் சம்பங்கியும் இதற்கு ஏற்றவை. மல்லிகையைச் சரமாக்கி அவற்றிடையே சுற்றலாம். செவ்வரத்தை ஒரு நாள் மலர். மாலை வரவேற்புக்குள் சுருங்கிவிடும். நந்தியாவட்டையின் பால் பட்டுச்சேலையில் கறையிடும். அலரியோ நஞ்சுடையது, கண்ணுக்கு எத்துணை அழகாயினும் விலக்குவதே நன்று. மலைநாட்டிலிருந்து நெடுந்தூரம் பயணஞ் செய்து, களைத்து வரும் விலையுயர்ந்த மலரைக் காட்டிலும் வீட்டு முற்றத்து ரோசா மேலானது. தோட்டத்துப் பூவென்று கூச வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டு இங்கிலாந்து இளவரசர் வில்லியத்தை மணந்தவர் ஏந்திய செண்டிலே, விக்டோரியா அரசி 1845ஆம் ஆண்டு தம் மாளிகைத் தோட்டத்தில் நட்ட மிர்ட்டில் செடியின் கிளையும் இருந்தது.

முதல் நாள் மாலை வெயில் தணிந்தபின், பாதி விரிந்த மலர்களைக் கூரிய கத்தியாற் சரிவாக வெட்டி உடனே கிணற்று நீரில் இடுக. நீருள் அமிழும் இலைகளை அகற்றாவிடில் அவை அழுகி நீரைக் கெடுக்கும். வாளியை இரவு முழுவதும் நிழலான அறையில் வைக்கலாம். ஆனால் கலியாண வீட்டில் வாழைக்குலை தொங்கும் அறை ஆகாது. பழுக்குங் கனிகள் வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு மலர்களை விரைவில் முதிர்வித்து உதிர்க்கும். இதனை அறியாது, குளிர்ச்சியான இடமென்று கருதிப் பழ அறையிலேயே பூவை வைப்போர் பலர்.

கட்டும்போது ஒரு மலரை நடுவே பிடித்து, ஏனையவற்றை ஒரே பக்கமாகச் சரித்துச் சேர்த்து, செண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே வருதல் வேண்டும். அப்பொழுது காம்புகள் பிடிக்குமிடத்திற் குறுக்கிட்டு நிற்க, மலர்கள் நசுங்காது விரியும். நனைத்த வாழைநாரால் அவ்விடத்தை இறுக்கி, காம்புகளை ஒரு சாண் அளவில் நறுக்குக. நுனியிலே ஈரப் பஞ்சை வைத்து, அனலில் வாட்டிய வாழையிலையால் மூடிக் கட்டினால் நீர் சேலையிற் கசியாது. அதன்மேல் பட்டு நாடா சுற்றலாம். பொதிசோறு கட்டப் பழகிய கைக்கு இது எளிது.

எல்லாவற்றுக்கும் முன், ஒரு வாரம் முந்தியே அதே மலர்களால் ஒரு செண்டு கட்டிப் பார்த்தல் வேண்டும். அலங்காரந் தொடங்கும் நேரம் முதல் விருந்து முடியும் நேரம் வரை அதனைக் கூடத்தில் வைத்திருந்து, எந்தப் பூ முதலில் தலை சாய்ந்தது என்று கவனித்து, மணநாளில் அதனை நீக்கிவிடலாம். மணப்பெண்ணும் அச்செண்டைச் சிறிது நேரம் கையில் ஏந்திப் பார்க்கட்டும். பாரம் மிகுந்தால் இரண்டு மூன்று மலர்களைக் குறைப்பது அப்போது எளிது.