நாணயமாற்று வீதமும் உலோகங்காண் கருவியின் விலையும்

பிரித்தானியாவின் உழுத வயல்களிற் பழங்காசு தேடுவோர் பொழுதுபோக்காகக் கையாளும் உலோகங்காண் கருவிகளுட் பல, ஐக்கிய அமெரிக்காவின் கரெற், அவுஸ்திரேலியாவின் மைன்லாப் முதலிய பிறநாட்டு நிறுவனங்களுடையன. ஆதலின் பவுணின் பெறுமதியும் அவற்றின் விலையைத் தீர்மானிக்கின்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகுதல் பற்றிய வாக்கெடுப்பு நிகழ்ந்த 2016 யூன் 23 ஆம் நாள் ஒரு பவுண் ஏறத்தாழ 1.50 டொலராக இருந்தது. 2017 சனவரி நடுப்பகுதியில் ஏறத்தாழ 1.20 ஆயிற்று. 600 டொலர்க் கருவியொன்றைக் கொள்வோம். 400 பவுணாயிருந்த அதன் இறக்குமதி விலை 500 ஆகின்றது. பவுண் இழந்தது நூற்றுக்கு 20. விலையேற்றமோ நூற்றுக்கு 25! பெறுமதிசேர் வரி 20 சதவீதமும் உயர்ந்த விலைமீதே விதிக்கப்படுதலால், 480 பவுண் 600 ஆகும். பழைய இருப்பு முடியும்வரை வணிகர் பொறுத்திருத்தல் கூடும். ஓய்வூதியத்திற் சேமித்து வாங்குபவருக்கு அந்த 120 பவுண் சிறுதொகையன்று. அவர் கைமாறிய கருவியை நாடினும், புதியதன் விலையேற்றம் அதனையும் உடன் உயர்த்திவிடுகின்றது.