ஹாலிவுட்டுக்குக் கதை கொடுத்த சுங்கை நிப்பா

கிளைமாக்ஸை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். 2011-இல் வந்த படத்துக்கு இன்னும் என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கிறது! ஸ்டீவன் சோடர்பெர்க்கின் 'கன்டேஜியன்' முடியும் நேரம். பாதி உலகம் நடுங்கி அடங்கி, தடுப்பூசியும் வந்து, அப்பாடா என்று நாம் பாப்கார்ன் பொட்டலத்தைக் கசக்கும்போது திரையில் 'நாள் 1' என்று எழுத்து வருகிறது. புல்டோசர் ஒரு மரத்தைச் சாய்க்கிறது. அதிலிருந்த வௌவால் பறந்துபோய் வாழைப்பழத்தைக் கவ்வுகிறது. பன்றிக் கொட்டகைக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு துண்டைக் கீழே நழுவவிடுகிறது. குட்டிப் பன்றி ஒன்று அதை லபக்கென்று விழுங்குகிறது. அந்தப் பன்றி மக்காவ் கசினோவின் சமையலறைக்குப் போக, சமையல்காரர் கையைக் கழுவாமல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து குவினெத் பால்ட்ரோவின் கையைக் குலுக்குகிறார். முடிந்தது கதை. உலகம் அழியத் தொடங்கியது எப்படி என்று வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

இப்போது திரைக்குப் பின்னால் வாருங்கள். அந்த வௌவாலும் அந்தப் பன்றியும் நம்ம மலேசியாவின் நெகிரி செம்பிலான் சரக்கு!

படத்துக்கு அறிவியல் ஆலோசகர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின். படத்தில் வரும் கற்பனை வைரஸுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி நிப்பா என்ற நிஜ வைரஸ். போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்திலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத்தான் அந்த நிஜ வைரஸுக்கு வைத்தார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், பழ மரங்கள், அவற்றுக்கு நடுவே அன்றைக்கு நாட்டின் பெரிய பன்றிப் பண்ணைகள் சில. ஹாலிவுட்காரர்கள் கதையை ஹாங்காங்குக்கும் மக்காவுக்கும் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும், மூலப்பிரதி நம்மிடம்தானே இருக்கிறது.

மூலப்பிரதி இன்னும் ருசியானது. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள், நினைவு தப்பினார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல், அதாவது ஜே.இ., என்று முடிவு கட்டினார்கள். வில்லன் கொசு! உடனே புகை அடித்தார்கள், பன்றிக்கும் ஆளுக்கும் ஊசி போட்டார்கள். இதற்கிடையில் பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட, லாரி ஏறித் தெற்கே வந்தது நோய். சிரம்பானுக்கு அருகே சிக்காமாட், அப்புறம் புக்கிட் பெலண்டோக்.

துப்புகளைப் பாருங்கள். மர்மக் கதை எழுதுகிறவர் காசு கொடுத்தாவது வாங்கியிருப்பார். ஜே.இ. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும்; இங்கே விழுந்தவர்கள் பெரியவர்கள், அதிலும் ஆண்கள். அதே கொசு கடிக்கும் அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் ஏறக்குறைய தப்பித்துக்கொண்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். பன்றிகளோ நாய் குரைப்பதுபோல இருமின. ஒரு மைல் தூரம் கேட்கும் இருமல் என்றே அதற்கு ஒரு பெயர் விழுந்தது. நள்ளிரவில், மின்சாரம் போன நேரத்தில், செம்பனைக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வருவதாக ஒரு வரி எழுதிப் பாருங்களேன்! எனக்கு இதை எழுதும்போதே புல்லரிக்கிறது.

அடுத்த காட்சி ஆய்வுக்கூடம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைராலஜி பயின்றுகொண்டிருந்த டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச் தொடக்கத்தில், சுங்கை நிப்பாவிலிருந்து வந்த ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரை வளர்ப்புச் செல்களில் விட்டுப் பார்த்தார். சில நாளில் செல்கள் தனித்தனியாக இருக்க மறுத்தன. ஒன்றோடொன்று ஒட்டி, உருகி, பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களாக நின்றன. கிராஃபிக்ஸ் இல்லை, ஒப்பனை இல்லை, கண்ணாடிக் குப்பியின் அடியில் நிஜமாகவே ஒரு திகில் படம். ஜே.இ. இப்படிச் செய்யாதே! மாதிரிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸுக்கு விமானம் ஏறினார். அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முகம் காட்டியது கொசு சுமக்கும் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. தட்டம்மை வைரஸின் சொந்தக்காரக் கும்பல். இத்தனை மாதமும் ஆள் மாறி அடித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு பக்கவாட்டுக் காட்சி. எந்த எழுத்தாளர் இதைக் கற்பனையாக எழுதினாலும் 'கொஞ்சம் ஓவர்' என்று பதிப்பாசிரியர் அடித்துவிடுவார். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறந்தது 1998 ஜூனில். அது இருக்கும் சிப்பாங், போர்ட்டிக்சன் மாவட்டத்துக்கு அடுத்த வீடு. சிப்பாங் கார்ப் பந்தயத் திடலைத் திறந்தது 1999 மார்ச்சில், அதாவது சுவா குப்பியைப் பார்த்துத் திகைத்த அதே மாதத்தில். ஒரு பக்கம் பளபளக்கும் ஓடுபாதை. கொஞ்ச தூரத்தில் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிய கிராமம், பண்ணைக்குள் துப்பாக்கியோடு இறங்கிய இராணுவம், குழி குழியாகப் பன்றிகள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள்.

கணக்குக்கு வருவோம். மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பண்ணைச் சீனர்கள். கூலி வேலைக்குப் போன இந்தியர்களும் அதில் உண்டு. நூற்றுக்கு நாற்பது சாவு! 'கன்டேஜியன்' வைரஸ் கொல்வது நூற்றுக்கு இருபத்தைந்து முப்பதுதான். ஹாலிவுட் பயந்துபோய்க் காரத்தைக் குறைத்திருக்கிறது. அப்படியானால் உலகம் ஏன் அழியவில்லை? இங்கே அது பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது, மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தாவ அதற்கு அவ்வளவாகக் கைவரவில்லை. அந்த ஒரு சின்னக் குறைபாட்டில் நாம் எல்லோரும் உயிரோடு உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பின்னாளில் வங்கதேசத்திலும், 2018-இல் கோழிக்கோட்டிலும் நிப்பா ஆளுக்கு ஆள் தொற்றியும் காட்டியது. கோழிக்கோட்டுச் சம்பவம் 'வைரஸ்' என்ற மலையாளப் படமாக 2019-இல் வந்தது. கதை திரும்பத் திரும்ப நம் சுற்றுவட்டாரத்திலேயே நடக்கிறது, கவனித்தீர்களா?

எனக்குப் பிடித்த காட்சி எந்தப் படத்திலும் இல்லை. பன்றிக்கு நோயைக் கொடுத்ததாகச் சந்தேகித்த வௌவாலைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். சுவாவும் குழுவினரும் தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்துப்போட்டுக் காத்திருந்தார்கள். எதற்கு? மேலேயிருந்து சொட்டும் மூத்திரத்துக்கு! அதைச் சேகரித்தார்கள், பாதி கடித்துப் போட்ட ஜம்புப் பழங்களையும் பொறுக்கினார்கள். இரண்டிலும் நிப்பா வைரஸ் அகப்பட்டது. பேரழிவின் ரிஷிமூலம் விரிப்பில் விழுந்த சில சொட்டுகள்!

சரி, இத்தனையும் நம் வீட்டுத் திண்ணையில் கிடக்க, தமிழில் உலக அழிவு என்றால் என்ன செய்தோம்? 'கன்டேஜியன்' வந்த அதே 2011-இல் 'ஏழாம் அறிவு' வந்தது. சீனச் சதி, நாய், போதிதர்மர், மரபணு. 2016-இல் 'மிருதன்', ஊட்டியில் ஜாம்பிகள். ரசித்துப் பார்த்தவன்தான் நான், பொய் சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கில் பணம் போட்டவருக்கு உலகத்தையே காப்பாற்றும் கதாநாயகன் வேண்டும். தனியாக நாவல் எழுதி, தானே அச்சிட்டு, தோள்பையில் சுமந்து விற்கிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர் ஒரே தோட்ட லயத்தில், ஒரே வரிசை வீடுகளில் கடைசிவரை உட்கார்ந்துகொள்ளலாம். அவருடைய திகில் தனித்து நிற்பதன் சூட்சுமம் அங்கேதான் என்பேன். உலகம் அழிவதை அவர் காட்டுவதில்லை. காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, வராத ஓர் ஆளைக் காட்டுகிறார்.

சந்தேகமிருந்தால் மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் 'பேய்ச்சி'யைப் பாருங்கள். கெடா மண், 2019-இல் வந்த நாவல், வெளியிட்டது அவரே நடத்தும் வல்லினமும் சென்னை யாவரும் பதிப்பகமும். 1981-இல் லூனாஸில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துத் தோட்ட மக்கள் கொத்தாக இறந்த நிகழ்ச்சி அதற்குள் இருக்கிறது. ஜாம்பி கிடையாது, வைரஸ் கிடையாது, குடித்த சம்சுவே போதும், ஒரு தோட்டத்துக்குப் பிரளயம் வந்துவிடுகிறது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்தது வேறு கதை. பெரிய பதிப்பகத்தின் மேசையில் இப்படியொரு நாவல் முதல் அத்தியாயத்தைத் தாண்டியிருக்குமா என்பது என் ஐயம்.

ஆகவே, புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு நிப்பா நாவல் வேண்டும் என்று ஆசையோடு காத்திருக்கிறேன். மாரியம்மனா முனியாண்டியா என்று ஒரு கிழவி குறி கேட்கட்டும். பண்ணை நாய்களுக்கும் அந்த நோய் தொற்றியது நிஜம். லயத்து நாய் ஒன்று பண்ணைப் பக்கம் போய்வரட்டும். லாரி ஓட்டுநர் கள்ளுக்கடையில் இரண்டு வெள்ளி அதிகமாகச் செலவழிக்கட்டும். விஞ்ஞானி கடைசி அத்தியாயத்தில் வந்தால் போதும். புகை அடிக்கும் காட்சியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வீடு வெள்ளைப் புகை நுழைய, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓட, செத்த கொசுக்களைப் பெருக்கி வாசலில் கொட்டிவிட்டு, இனிப் பயமில்லை என்று கணவனைப் பன்றிப் பண்ணை வேலைக்கு அனுப்பி வைக்கிறாள் ஒருத்தி. முதல் அத்தியாயம் அங்கே முடியட்டும்.