அளவு மாறாத ஸ்டிக்கர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஆட்டோவின் முதுகிலும் பேருந்தின் நெற்றியிலும் ஒளிரும் எழுத்துகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றை வெட்டித் தரும் ஸ்டிக்கர் கடைக்கும் நம் இயற்பியல் ஆய்வகத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். உறவு உண்டு.

விலகு காந்தமானியின் வட்ட அளவுகோலை நினைத்துப் பாருங்கள். ஆண்டாண்டாய் மாணவர் கைபட்டுக் கோடுகள் மங்கிவிடுகின்றன. ஊசி நன்றாக இருக்கும், பெட்டியும் நன்றாக இருக்கும், முகம் மட்டும் போய்விடும். அந்த முகத்தை மட்டும் புதிதாக அச்சிட்டு ஒட்டிவிட்டால் கருவி பிழைத்துக்கொள்ளும். ஆனால் இது அழகுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் அன்று. டேஞ்சன்ட் விதிப்படி விலகல் 45 பாகையாக இருக்கும்போதுதான் பிழை மிகக் குறைவு. அப்போதும்கூட ஒரு பாகை தவறினால் விடையில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு தவறு புகுந்துவிடும். பதிவேட்டில் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் அது போகாது.

ஆகவே கடைக்குப் போகுமுன் கோப்பைச் சரியாக அமைப்பது எப்படி என்று காண்போம்.

கடையிலுள்ள வெட்டும் இயந்திரத்தின் பெயர் பிளாட்டர். உருளைகள் வினைல் சுருளை முன்னும் பின்னும் நகர்த்தும். சிறு கத்தி ஒன்று அதற்குக் குறுக்கே இடமும் வலமும் ஓடும். நாம் கணக்கில் போடும் எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் இவைதாம். இரண்டும் சேர்ந்து இயங்கினால் எந்த வளைவையும் வெட்டலாம். கணினி அதற்கு அனுப்புவது படம் அன்று. 'இந்தப் புள்ளிக்குப் போ, கத்தியை இறக்கு, அந்தப் புள்ளிவரை இழு' என்ற கட்டளைகளே போகின்றன. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் பேனா பிளாட்டர்களுக்காக வகுத்த எச்.பி.ஜி.எல். மொழியை இன்றும் பல கட்டர்கள் ஏற்கின்றன. அதில் ஓர் அலகு 0.025 மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 40 அலகுகள். நம் வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவே 0.1 மில்லிமீட்டர்தான்!

இவ்வளவு நுட்பமான இயந்திரத்துக்குப் பலர் கொண்டுபோவது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு புகைப்படம். "தம்பி, இது போட்டோ. இதைக் கட்டர் வெட்டாது. கோரல்டிராவுல கர்வா கொண்டு வாங்க" என்பார் கடைக்கார அண்ணன். புகைப்படம் வெறும் நிறப்புள்ளிகளின் கூட்டம். கத்தி தொடர்ந்து செல்ல அதில் பாதை இல்லை. கணினியே ஓரங்களை ஊகித்துப் பாதை வரைந்து தரும் வசதி உண்டு. எழுத்துக்கும் பூவுக்கும் அது போதும். பாகைமானிக்கு ஊகம் உதவாது.

அடுத்து அளவு. சில வரைபடக் கோப்புகளில் '100' என்ற எண் இருக்கும், அலகு இராது. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமாகப் படித்தால் படம் 25.4 மடங்கு பெருக்கும். அது கேடில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். கேடு செய்வது சிறு மாற்றந்தான். 'தாளுக்குள் பொருத்து' என்ற வசதி இயங்கியிருந்தால் 100 மில்லிமீட்டர் வட்டம் 97 ஆகச் சுருங்கும். கண் அதைக் கண்டுபிடிக்காது. இதற்கு ஒரு காவல் உண்டு. வரைபடத்துக்கு வெளியே 100 மில்லிமீட்டர்ப் பக்கமுள்ள ஒரு சதுரத்தையும் வரைந்து, அளவை அருகில் எழுதிவிட வேண்டும். வெட்டியதும் இரு பக்கங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். சுருள் ஓடும் திசையிலும் கத்தி ஓடும் திசையிலும் பிழை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூலைவிட்டங்கள் இரண்டும் 141.4 இருந்தால் சதுரம் சாயவில்லை எனக் கொள்ளலாம்.

எந்தக் கோட்டை அச்சிடுவது, எந்தக் கோட்டை வெட்டுவது? என் எண்ணத்தில் எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி இதுவே. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 314.16. அதில் ஒரு பாகைக்குக் கிடைப்பது வெறும் 0.87 மில்லிமீட்டர். இவ்வளவு நெருக்கத்தில் கோடுகளை வினைலில் வெட்டினால், வேண்டாத பகுதியை உரிக்கும்போது கோடுகளும் கூடவே வந்துவிடும். (இப்படி உரிப்பதற்கு ஆங்கிலத்தில் களையெடுப்பு என்றே பெயர். வயலில் களையெடுத்துப் பழகியவர்களுக்குப் பயிரும் சேர்ந்து வருவது எப்படி என்று சொல்லித்தர வேண்டியதில்லை.) எனவே பாகைக் கோடுகளும் எண்களும் அச்சில் வரட்டும், வெளிவட்டமும், ஊசிக்குக் கீழுள்ள கண்ணாடி தெரிவதற்கான உள்வட்டமும் மட்டும் வெட்டப்படட்டும். வெட்டுக் கோடுகளை வேறு நிறத்தில் தனி அடுக்கில் வைத்தால் அவை அச்சில் கலவா.

அச்சிட்ட தாளை வெட்டும்போது கட்டர் தன் ஒளியுணரியால் மூலைகளில் உள்ள கறுப்புக் குறிகளைத் தேடிப் படித்து, தாள் சாய்ந்திருந்தால் பாதையையும் சாய்த்துக்கொள்ளும். அக்குறிகளைச் சுற்றி வெற்றிடம் விட வேண்டும். பின்னணி நிறம் வெட்டுக் கோட்டைத் தாண்டி 2 மில்லிமீட்டர் பரவியிருக்கட்டும். அம்மா ரவிக்கைத் துணி வெட்டும்போது தையலுக்கென ஓரத்தில் விடுகிறாரே, அது போலத்தான்.

வெட்டுப் பாதை முழுதும் மூடியிருக்க வேண்டும். முடிச்சு விழாத இடத்தில் வளையம் கிழியும். ஒன்றன்மேல் ஒன்றாக இரு கோடுகள் கிடந்தால் கத்தி இருமுறை ஓடி அடித்தாளையும் அறுக்கும். இன்னொன்று: சில மென்பொருள்கள் வட்டத்தைச் சிறு நேர்கோடுகளாக உடைத்துச் சேமிக்கும். 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டம் 36 கோடுகளானால், ஒவ்வொரு கோட்டின் நடுவும் உண்மையான வட்டத்திலிருந்து 0.19 மில்லிமீட்டர் உள்வாங்கி நிற்கும். 360 கோடுகளானால் அது 0.002தான்.

எழுத்துகளையும் வளைகோடுகளாக மாற்றிவிட வேண்டும். நாம் வரைவது கல்லூரிக் கணினியில். திறப்பது கடைக் கணினியில். அங்கே நம் எழுத்துரு இல்லையென்றால் 'கோ'வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும்.

வந்த ஸ்டிக்கரை உடனே ஒட்டிவிடாமல் நம் நகரும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். 0.01 மில்லிமீட்டர்வரை அளந்து சொல்லும் கருவியை அருகில் வைத்துக்கொண்டு கண்மதிப்பில் ஏற்பானேன்?

ஒட்டும்போது வினைலை இழுக்கலாகாது, அது நீளும். மையம் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 50 மில்லிமீட்டர் ஆரத்தில் கோணம் 1.15 பாகைவரை பிழைபடும். ஊசியின் இரு முனைகளையும் படித்துச் சராசரி எடுப்பது இப்பிழையை நீக்கத்தான். எனினும் மையத்தைச் சரியாக அமைக்க வழி இருக்கிறது. நடுவட்டத்தின் மையத்தில், ஊசியைத் தாங்கும் முனை நுழையுமளவு ஒரு சிறு துளையையும் கோப்பிலேயே வரைந்துவிடுங்கள். ஊசியை எடுத்துவிட்டு, ஸ்டிக்கர் முழுவதையும் டேப்பில் ஒற்றியெடுத்து, துளையைத் தாங்குமுனையில் மாட்டி இறக்கினால் மையம் தானே அமையும். பிறகு டேப்பையும் நடுவட்டத்தையும் உரித்து எடுத்துவிடலாம். சுழியம் எந்தத் திசையில் நிற்கிறது என்ற கவலை வேண்டாம். சோதனையின் தொடக்கத்தில் பெட்டியைச் சுழற்றித்தானே ஊசியைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறோம்!